ஹாலில் டிவி, உள்ளறையில் ஹார்ட் டிஸ்க்: நடுவில் எதற்குச் செலவு செய்வது?

கல்யாண டிவிடியிலிருந்து எடுத்து வைத்த வீடியோ, கைபேசியில் எடுத்த பிள்ளைகளின் காட்சிகள், பல ஆண்டுகளாகச் சேர்ந்த எம்பி3 பாட்டுகள், எண்ணிக்கையே தெரியாத அளவுக்குப் புகைப்படங்கள். நம் வீடுகளில் இவையெல்லாம் உள்ளறையில் இருக்கும் கணினியிலோ, அலமாரியில் வைத்த ஹார்ட் டிஸ்கிலோதான் கிடக்கின்றன. பெரிய திரை இருப்பது ஹாலில். பார்க்க வேண்டும் என்றால் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய் டிவியில் செருக வேண்டும். வருஷத்துக்கு ஓரிரு முறை என்றால் அது போதும், வேறு எதையும் வாங்க வேண்டாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போதெல்லாம் பேரனின் வீடியோவைக் கேட்கிறார்கள், தினமும் காலையில் பாட்டு ஓட வேண்டும் என்றால்தான் அறைக்கு அறை அனுப்பும் ஏற்பாடு தேவைப்படுகிறது.

இதற்கு என்ன வாங்கலாம் என்று தேடினால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் நாஸ் பெட்டி. இரண்டு டிஸ்க், நான்கு டிஸ்க் போடும் வசதியுள்ள, கோப்புகளை வீட்டு வலையில் கொடுத்துக்கொண்டு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தனிக் கருவி. டிஸ்க் இல்லாமலே அதன் விலை ஒரு நடுத்தர டிவியின் விலையை எட்டிவிடும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. முதல் பணம் அறைகளுக்கு நடுவில் தரவு போகும் வழிக்குப் போக வேண்டும். அடுத்தது டிவி பக்கம் இருக்கும் கருவிக்கு. கோப்புகளை வைத்திருக்கும் கணினிக்குக் கடைசியாகச் செலவழித்தால் போதும். பல வீடுகளில் அந்தக் கடைசிச் செலவே வராது.

நொடிக்கு எவ்வளவு?

வீடியோ திக்காமல் ஓட ஒவ்வொரு நொடியும் எவ்வளவு தரவு வந்து சேர வேண்டும் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. இதை அறியத் தனிக் கருவி வேண்டாம். கோப்பின் அளவை அது ஓடும் நேரத்தால் வகுத்தாலே தெரிந்துவிடும். 4.7 ஜிபி டிவிடி ஒன்றில் இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோ நிறைந்திருந்தால் அது நொடிக்குச் சுமார் 5 மெகாபிட். ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 30 ஃப்ரேம் வைத்து எடுத்தால், புதிய சுருக்க முறையில் நிமிடத்துக்கு 170 எம்பி பிடிக்கும் என்று கேமரா அமைப்புகளிலேயே ஆப்பிள் குறிப்பிடுகிறது. அது நொடிக்கு ஏறக்குறைய 23 மெகாபிட். 60 ஃப்ரேம் வைத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி, அதாவது நொடிக்கு 53 மெகாபிட். ப்ளூ-ரே வட்டில் படத்துக்கு மட்டும் உள்ள உச்சவரம்பு 40 மெகாபிட். பாட்டு மிக எளியது. நல்ல தரமான எம்பி3 நொடிக்கு 0.32 மெகாபிட்தான். சிடி தரத்தை அப்படியே காக்கும் ஃப்ளாக் கோப்புகூட ஒன்றரை மெகாபிட்டை எட்டாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் உள்ளவற்றிலேயே கனமான கோப்பு பெரும்பாலும் சினிமாவாக இருக்காது. பள்ளி ஆண்டு விழாவில் கைபேசியில் எடுத்த 4கே வீடியோதான் அதிகம் கேட்கும். பழைய ஏற்பாட்டில் படமெல்லாம் நன்றாக ஓடுகிறது, நாம் எடுத்தது மட்டும் நின்று நின்று ஓடுகிறது என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

அளவைகளையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் அளவு மெகாபைட்டில் (எம்பி), இணைப்பின் வேகம் மெகாபிட்டில். மெகாபைட் மெகாபிட்டைவிட எட்டு மடங்கு பெரியது.

சுவர்தான் முதல் தடை

அமெரிக்காவிலிருந்து வரும் யோசனைகளை நம் வீட்டில் அப்படியே செயல்படுத்தும்போது சிக்கல் தொடங்குவது இங்கேதான். அங்கே பெரும்பாலான வீடுகளின் உள்சுவர் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. நம் வீடுகளில் நாலரை அங்குலம், ஒன்பது அங்குலம் என்று செங்கல் சுவர், மேலே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். வைஃபை அலை இவற்றைத் தாண்டும்போது வலு குறைகிறது. வேகம் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத்தான் அடி அதிகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி வரும், ஆனால் அதன் வேகம் குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சுற்றியுள்ள வீடுகளின் ரூட்டர்களோடும் அது இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய டிவிகள் பலவற்றிலும், டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் மலிவான ஸ்டிக்குகள் சிலவற்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே இருக்கும். அதில் திரையில் காட்டும் இணைப்பு வேகம் பெரும்பாலும் 72 மெகாபிட். அதில் பாதி கைக்கு வந்தாலே நல்லது, அதுவும் ரூட்டர் இருக்கும் அறையிலேயே. இரண்டு சுவர் தாண்டினால் கல்யாண டிவிடி ஓடும், 4கே வீடியோ திணறும்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. உள்ளறைக் கணினியும் வைஃபையில், ஹால் டிவியும் வைஃபையில் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வீடியோ கணினியிலிருந்து ரூட்டருக்கு ஒரு முறை, ரூட்டரிலிருந்து டிவிக்கு இன்னொரு முறை என்று அதே அலைவரிசையில் இரு தடவை பயணம் செய்கிறது. கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். கணினியை ரூட்டருக்குப் பக்கத்தில் நகர்த்தி ஒரு சிறு லான் கேபிளால் இணைத்துவிட்டால் அந்தப் பாதி திரும்பக் கிடைக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடியும் இந்த மாற்றத்தைச் செய்து பார்க்காமல் புது ரூட்டர் வாங்கக் கூடாது.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு லேப்டாப்பை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளறைக் கணினியில் பகிர்ந்திருக்கும் ஒரு ஜிபி கோப்பை அதற்கு இழுங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். ஒரு ஜிபி என்பது சுமார் 8000 மெகாபிட். 100 நொடியில் வந்து சேர்ந்தால் நொடிக்கு 80 மெகாபிட், வீட்டு வீடியோக்கள் ஓடும். 400 நொடி ஆனால் 20 மெகாபிட்தான், கைபேசி எடுத்த 4கே திக்கும். வீடியோவின் வேகம் சீராக இருக்காது, அசைவு அதிகமான காட்சிகளில் சராசரியைவிட மேலே ஏறும். அதனால் சராசரியைப்போல் இரண்டு மடங்கு கையில் இருப்பது நல்லது. சோதனையைச் சாயங்காலம், அக்கம்பக்கத்தில் எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

போதவில்லை என்று தெரிந்தால் கேபிள்தான் மலிவான மருந்து. கன்சீல்டு வயரிங் உள்ள வீட்டில் டிவி கேபிளுக்காகப் போட்ட பைப் ஒன்று பெரும்பாலும் ஹாலுக்கு வந்திருக்கும். அதில் இடம் இருந்தால் எலக்ட்ரீஷியன் லான் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுவார். இல்லையென்றால் சுவரோரமாகக் கேசிங் பட்டி அடித்து அதற்குள் விடலாம். கரண்டு ஓடும் பைப்புக்குள் மட்டும் லான் கேபிளை விடச் சம்மதிக்காதீர்கள். சிக்னல் கெடும் என்பதைவிட, இன்சுலேஷன் பழுதானால் ஆபத்து என்பதே முக்கியக் காரணம்.

கேபிள் வாங்கும்போது ஒரு முனையைச் சீவி, உள்ளே உள்ள கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பு நிறம் உள்வரை இருந்தால் சரி. மேலே செம்பு, சுரண்டினால் வெள்ளை என்றால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். விலை குறைவாக இருப்பது அதனால்தான். வளைத்து இழுக்கும்போது உடையும், தூரம் கூடினால் வேகம் விழும். முனையில் ஆர்ஜே45 கனெக்டர் போடும்போது எட்டுக் கம்பியையும் சேர்த்துக் கிரிம்ப் செய்ய வேண்டும். நாலு கம்பி மட்டும் போட்டாலும் இணைப்பு வரும், ஆனால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

டிவியில் இருக்கும் லான் போர்ட்டும் பெரும்பாலும் 100 மெகாபிட்தான், விலை அதிகமான மாடல்களில்கூட. அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். மேலே போட்ட கணக்கில் வீட்டு வீடியோ எதுவும் 60 மெகாபிட்டைத் தாண்டவில்லை. 4கே ப்ளூ-ரே வட்டுகளை அப்படியே பிரதியெடுத்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது பற்றாது.

ஹால் வரை கேபிள் போய்விட்டால் இன்னொரு பயனும் உண்டு. இணையத்தை ஃபைபருக்கு மாற்றிய பல வீடுகளில் பழைய ரூட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. அதில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்து, முகவரியை மெயின் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை அதன் லான் போர்ட்டில் செருகினால் அது ஹாலுக்கான வைஃபை புள்ளியாகிவிடும். வைஃபையை வீடு முழுக்கப் பரப்ப, பல ஆயிரம் கொடுத்து வாங்கும் மெஷ் பெட்டிகளில் மலிவானவை, தங்களுக்குள் பேசவும் டிவியோடு பேசவும் ஒரே அலையைப் பயன்படுத்துகின்றன. கேபிளில் வந்த பழைய ரூட்டருக்கு அந்த இழப்பு இல்லை.

மின்சார வயரிலேயே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டரையும் சிலர் சொல்வார்கள். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் உள்ளறை ஒரு ஃபேஸிலும் ஹால் இன்னொரு ஃபேஸிலும் இருந்தால் அதன் வேகம் சரிந்துவிடும். இன்வெர்ட்டர் லைன் தனியாகப் பிரிந்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

இதையெல்லாம் யோசிக்கும் முன் சுவரைப் பாருங்கள். கணினி இருக்கும் அறையும் டிவியும் ஒரே சுவரின் இரு பக்கமும் இருந்தால், ஒரு துளை போட்டு நீளமான எச்டிஎம்ஐ கேபிளை விட்டாலே வேலை முடிந்தது. ஃபுல் எச்டி தரம் என்றால் பத்து மீட்டர் வரை நல்ல கேபிள் தாங்கும்.

மாற்றிக் கொடுக்கும் வேலையைத் தவிர்த்தால் பணம் மிச்சம்

வீடியோ கோப்பு எதுவும் படமாக அப்படியே சேமிக்கப்படுவதில்லை. கோடெக் எனப்படும் ஏதாவது ஒரு சுருக்க முறையில் சுருக்கித்தான் வைத்திருக்கிறார்கள். டிவிடி எம்பெக்-2 முறை. 2003-ல் வந்த எச்.264 இன்றும் பரவலாக இருக்கிறது. 2013-ல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தரக்கூடியது. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன்கள் இயல்பாகவே இதில்தான் வீடியோ எடுக்கின்றன.

டிவி பக்கம் இருக்கும் கருவிக்கு அந்தக் கோடெக்கை விரிக்கத் தெரிந்தால், உள்ளறைக் கணினி கோப்பைப் படித்து அனுப்பினால் போதும். அதற்குச் சக்தியே வேண்டாம், மிகப் பழைய கணினிகூடச் செய்யும். தெரியாவிட்டால் உள்ளறைக் கணினி அந்த வீடியோவை முதலில் விரித்து, டிவிக்குப் புரியும் முறையில் மறுபடியும் சுருக்கி, ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுத்து அனுப்ப வேண்டும். இதைத்தான் ட்ரான்ஸ்கோடிங் என்கிறார்கள். 4கே எச்.265 வீடியோவுக்கு இதைச் செய்யப் பலமான பிராசசர் தேவை. விலை உயர்ந்த நாஸ், விலை உயர்ந்த சர்வர் (கோப்புகளை அனுப்பும் கணினி) என்ற பேச்செல்லாம் இங்கிருந்துதான் பிறக்கிறது. டிவி பக்கம் சில ஆயிரம் ரூபாய்க்கு எல்லாக் கோடெக்கும் தெரிந்த கருவி ஒன்றை வைத்தால், மறுபக்கம் பல ஆயிரம் மிச்சமாகும்.

எது நடக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஜெல்லிஃபின் என்ற இலவச சர்வர் மென்பொருளில் வீடியோ ஓடும்போது அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு திரைக்கும் கீழே டைரக்ட் ப்ளே (மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்றோ ட்ரான்ஸ்கோடிங் என்றோ எழுதியிருக்கும். மாற்றிக் கொடுக்கிறது என்றால் காரணத்தையும் சொல்லும். படத்தின் கோடெக் பிடிக்கவில்லை, ஒலியின் கோடெக் பிடிக்கவில்லை, சப்டைட்டிலைப் படத்தின்மேல் பதிக்க வேண்டியிருக்கிறது என்று. கடைசிக் காரணம் பலருக்குத் தெரியாது. வட்டிலிருந்து எடுத்த சப்டைட்டில்கள் எழுத்தாக இல்லாமல் படமாகவே இருக்கும். அதைக் காட்டத் தெரியாத கருவிக்காக முழு வீடியோவையும் சர்வர் மறுபடி சுருக்கும். சப்டைட்டிலை அணைத்த உடனே ஓட்டம் சீராகிவிட்டால் பிரச்சினை அதுதான்.

ஒலியிலும் இப்படி உண்டு. 2018 முதல் சாம்சங் டிவிகள் டிடிஎஸ் என்ற ஒலிச் சுருக்க முறையை விட்டுவிட்டன. அதனால் சில கோப்புகளில் படம் ஓடும், சத்தம் வராது. டிவி பழுது என்று ஆளைக் கூப்பிட வேண்டாம். இடையில் வேறு கருவி வைத்தால் தீர்ந்துவிடும்.

கல்யாண வீடியோவுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. அது 576 வரிகள் உள்ள பழைய டிவி முறையில், ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று மாற்றி மாற்றிப் பதிவானது. குழாய் டிவியில் அது சரியாகத் தெரிந்தது. இன்றைய திரையில் இரண்டையும் சரியாகச் சேர்க்காவிட்டால் தாலி கட்டும் கை அசையும் இடத்தில் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலப் பிசிறடிக்கும். சில ஸ்டிக்குகளில் சில செயலிகள் இதைக் கவனிப்பதே இல்லை. வீட்டில் முப்பது ஆண்டுப் பழைய விஎச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றிய வீடியோக்கள் அதிகம் என்றால், வாங்கும் கருவியில் முதலில் அதைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். புது 4கே வீடியோவை இன்றைய 4கே கருவிகள் பெரும்பாலும் அழகாகக் காட்டும்.

டிவி பக்கம் எதை வைப்பது?

டிவியிலேயே வேலை நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டுக் கருவிகள் தங்களுக்குள் வீடியோவும் பாட்டும் பகிர்ந்துகொள்வதற்காக 2003-ல் சோனி உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய டிஎல்என்ஏ அமைப்பு 2017-ல் கலைந்துவிட்டது. ஆனால் அது வகுத்த முறை இன்னும் பல டிவிகளில் உயிரோடு இருக்கிறது. உள்ளறைக் கணினியில் டிஎல்என்ஏ சர்வரை இயக்கினால், டிவியில் எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 வரிசையிலேயே அந்தக் கணினியின் பெயரும் வந்து நிற்கும். தோற்றம் எளிமையாக இருக்கும், கோப்புறை கோப்புறையாகத் தேட வேண்டும். ஆனால் செலவு இல்லை. கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி என்றால் விஎல்சி செயலியை நிறுவிக் கணினியின் பகிர்ந்த கோப்புறையை நேராகத் திறக்கலாம். விஎல்சியின் பிறப்பே இதே வேலைக்காகத்தான். 1996-ல் பாரிஸில் எகோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் வளாக வலையில் வீடியோவை அறைக்கு அறை அனுப்ப எழுதிய மென்பொருள் அது.

டிவி பழையது, அல்லது அதன் மென்பொருள் நத்தையாகிவிட்டது என்றால் பெயர் தெரிந்த நிறுவனத்தின் 4கே ஸ்டிக் ஒன்று போதும். வீட்டில் இருப்பது ஃபுல் எச்டி டிவி என்றாலும் 4கே என்று போட்ட ஸ்டிக்கையே வாங்குங்கள். காரணம் திரை அல்ல. 4கே எச்.265 வீடியோவை விரிக்கும் சிப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் அதில்தான் சேர்ந்து வரும். செருகும்போது பெட்டியில் கொடுத்திருக்கும் சிறு நீட்டிப்பு கேபிளைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். டிவியின் பின்பக்கத்து உலோகத் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் வைஃபை பாதிக்கப்படும்.

வாங்குமுன் எந்தச் செயலிகள் அதில் உண்டு என்று பார்ப்பது இப்போது முன்பைவிட அவசியம். 2025-ல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டை விட்டு வேகா என்ற அமேசானின் சொந்த இயங்குதளத்துக்கு மாறிவிட்டது. கடையில் இல்லாத செயலியை வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுவும் பழைய வழி அதில் கிடையாது. பெயரும் தோற்றமும் பழைய ஸ்டிக்கைப் போலவே இருப்பதால் இது எளிதில் கண்ணில் படாது. இன்னொரு நிகழ்வையும் நினைவில் வைக்க வேண்டும். 2015-ல் வந்த இரண்டாம் தலைமுறை க்ரோம்காஸ்ட்கள் 2025 மார்ச்சில் திடீரென்று வேலை செய்யாமல் நின்றன. உள்ளே இருந்த ஒரு சான்றிதழின் பத்தாண்டுக் காலம் முடிந்திருந்தது. கூகுள் சில நாட்களில் சரிசெய்து கொடுத்தது. ஆனால் நம் வீட்டு வீடியோவை நம் வீட்டுக்குள்ளேயே பார்க்க இன்னொருவரின் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

அந்தச் சார்பு வேண்டாம் என்பவர்களுக்கு ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரியில் 35 டாலர் விலையில் வெளிவந்த இந்தச் சிறு கணினியில், முதலில் எக்ஸ்பாக்ஸுக்காக எழுதப்பட்டு 2014-ல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்ட மென்பொருளைப் போட்டால் முழுமையான மீடியா பெட்டியாகிவிடும். டிவி ரிமோட்டே எச்டிஎம்ஐ வழியாக அதை இயக்கும். பழைய வீடியோவின் வரிகளைச் சேர்ப்பதிலும் கெட்டிக்காரன். 2019-ல் வந்த பை 4, 4கே எச்.265 வீடியோவை விரிக்கும், உண்மையான கிகாபிட் லான் போர்ட் உடையது. 2023-ல் வந்த பை 5-ல் எச்.264 விரிக்கும் தனிச் சிப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிராசசர் வேகமானது என்பதால் ஃபுல் எச்டி வீடியோவைச் சமாளித்துவிடும். ஆனால் இந்த வேலைக்கென்று மட்டும் வாங்குபவருக்கு பை 4 போதும். விலையைப் பார்க்கும்போது போர்டு விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பவர் அடாப்டர், கேஸ், மெமரி கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 4கே ஸ்டிக்கைத் தாண்டிவிடும். 2025 கடைசியில் மெமரி சிப் விலை ஏறியபோது பையின் விலையும் ஏறியது. மென்பொருளோடு மல்லுக்கட்டும் ஆர்வம் இல்லாதவருக்கு ஸ்டிக்கே நல்லது.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரே விலையில் இரண்டு மடங்கு மெமரி, ஆயிரம் சேனல் இலவசம் என்று விற்பவை. 2023 தொடக்கத்தில் டி95 என்ற பெட்டி ஒன்றில், கடையிலிருந்து வரும்போதே தீம்பொருள் பதிந்திருந்தது அம்பலமானது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற தீம்பொருள் வலையில் சிக்கும் இத்தகைய கருவிகளைப் பற்றி எச்சரித்தது. அடுத்த மாதம் அதை நடத்துவோர்மீது கூகுள் வழக்குத் தொடுத்தபோது, சான்றிதழ் பெறாத ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு கருவிகள் சிக்கியிருப்பதாகச் சொன்னது. அந்தப் பெட்டி நம் குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் அதே வலையில்தான் உட்கார்ந்திருக்கும். மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய்க்கு அது தகாது.

உள்ளறையில் இருப்பதே போதும்

டிவி பக்கம் சரியாக அமைந்துவிட்டால் சர்வர் வேலையை எதுவும் செய்யும். ரூட்டரின் பின்னால் யுஎஸ்பி போர்ட் இருந்தால் ஹார்ட் டிஸ்கை அதிலேயே செருகிப் பாருங்கள். நொடிக்கு 5 மெகாபைட் கொடுத்தாலே அது 40 மெகாபிட், பெரும்பாலான வீடியோவுக்குப் போதும். சில பழைய ரூட்டர்கள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். பாதுகாப்புக் காரணத்துக்காக 2017-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 அதை இயல்பாக ஏற்காது. டிவியில் தெரிகிறது, கணினியில் தெரியவில்லை என்றால் காரணம் இதுதான். அந்தப் பழைய முறையைக் கணினியில் மீண்டும் திறந்துவிடாமல், டிஸ்கை நேரடியாகக் கணினியில் செருகிக் கோப்புகளை ஏற்றிவிட்டு ரூட்டருக்கு மாற்றுவதே பாதுகாப்பு. டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது பழைய லேப்டாப். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. பேட்டரி இருப்பதால் கரண்டு போகும்போது படக்கென்று அணையாது. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிட வேண்டும், எப்போதும் சார்ஜில் கிடக்கும் உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

எதுவுமே இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நிறுவனங்கள் கழித்துவிட்ட மினி கணினிகளைப் பாருங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பியின் மினி வகைகள். சென்னை ரிச்சி தெருவில் பழைய கணினி விற்கும் கடைகளில் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11-க்குத் தகுதி. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை அலுவலகங்கள் ஒதுக்குகின்றன. இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டால் அவை இன்னும் பல வருஷம் உழைக்கும். இரண்டில் ஏழாம் தலைமுறையைக் கேட்டு வாங்குங்கள். நிற நுணுக்கம் கூடிய 10 பிட் எச்.265 வீடியோவைச் சிப்பிலேயே விரிக்கும் வசதி அதில்தான் முழுமையாக வந்தது. என்றாவது ட்ரான்ஸ்கோடிங் தேவைப்பட்டாலும் கைகொடுக்கும்.

பரணில் இருக்கும் பெரிய டெஸ்க்டாப்பை இலவசம் என்று நினைத்து நாள் முழுக்க ஓடவிடுவதில்தான் பணம் கசிகிறது. சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் கணினி, நம் இரண்டு மாத மின்கணக்கில் 86 யூனிட்டைத் தின்றுவிடும். 10 வாட் மினி கணினி என்றால் 14 யூனிட். நம் மின்கட்டணம் யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிநிலை முறை என்பதால், அந்தக் கூடுதல் யூனிட்டுகள் வீட்டுக் கணக்கின் மேல்படியில் போய்ச் சேர்கின்றன. கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இது நன்றாகவே தெரியும்.

மின்வெட்டு உள்ள ஊரில் ராஸ்பெரி பையைக் கோப்புகளை எழுதும் வேலைக்கு வைக்கும்போது கவனம் தேவை. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்டு போனால் மெமரி கார்டு கெடும். ரூட்டருக்கென்று விற்கும் சிறு 12 வோல்ட் யுபிஎஸ், ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் காக்கும். பைக்கு 5 வோல்ட் வேண்டும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பையின் யுஎஸ்பியில் இரண்டு ஹார்ட் டிஸ்கை ஒன்றாக மாட்டினால் கரண்டு போதாமல் துண்டிக்கும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் சேர்த்து வைத்தபின் அந்த டிஸ்க் போனால் எல்லாமே போகும். மிச்சம் பிடித்த பணத்தில் அதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கி, பிரதி எடுத்து, அக்கா வீட்டிலோ ஊரிலோ வைத்துவிடுங்கள். நாஸ் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டாலும் இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பாட்டு மட்டும் போதும் என்றால்

செலவு இன்னும் இறங்கும். இதற்கு ஒரு நீண்ட மரபே இருக்கிறது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001-ல் வலை வழியாக எம்பி3 பாட்டு கேட்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. அதிலிருந்து வளர்ந்த ஸ்குவீஸ்பாக்ஸை 2006-ல் லாஜிடெக் வாங்கி, 2012-ல் நிறுத்திவிட்டது. பெட்டி நின்றாலும் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் அதை விடவில்லை. இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஹாலிலும் சமையலறையிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில், எதிரொலி கேட்காதபடி ஒத்திசைத்து ஓடவிடும்.

கேட்கும் பக்கத்துக்குப் பழைய ஆண்ட்ராய்டு கைபேசி போதும், அதன் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு வயர். அல்லது வீடியோ வேலைக்கு உதவாத பழைய ராஸ்பெரி பை. பை 4 வரை வந்த பெரிய போர்டுகளில் 3.5 மிமீ துளை உண்டு, பை ஜீரோவிலும் பை 5-லும் கிடையாது. அவற்றுக்கு யுஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்று மாட்டிக்கொள்ளலாம். ஒன்றரை மெகாபிட்டுக்குள் அடங்கும் வேலை என்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு செங்கல் சுவரைத் தாண்டியும் கொண்டுபோய்ச் சேர்க்கும். சமையலறைக்குக் கேபிள் இழுக்க வேண்டியதே இல்லை.